விளம்பரம் வராத பாட்டு

ஹேமநாதன் சார் போய்ச் சேர்ந்தது ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், கறி வாங்கிவரப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். சார்ஜ்மேன் உத்தியோகம், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஆம்புலன்ஸ் வந்து, பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போன பிறகு, குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளர் ஸ்ரீராம் முதல் போன் போட்டது பஞ்சவர்ணத்துக்கு.

பஞ்சவர்ணம் பட்டாபிராமில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவள். கண்ணாடி மூடி போட்டு, செத்தவரைக் குளிரில் கிடத்தி வைக்கும் பெட்டி. அவளிடம் இரண்டு இருந்தன. கூடவே சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். புருஷன் கஜபதி குட்டியானை வண்டியை ஓட்டுவான். முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனிக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தான். கம்பெனி மூடிய பிறகு, தெரிந்தவர் ஒருவர் தள்ளிவிட்ட பழைய பெட்டியை இவள்தான் துணிந்து வாங்கினாள். சாவு இல்லாத ஊர் உண்டா என்பது அவள் கட்சி. கஜபதிக்கு ஆரம்பத்தில் பயம். பெட்டி காலியாகத் திரும்பி வரும்போதுகூடப் பின்னால் பார்க்கமாட்டான். இவளோ பெட்டியைத் துடைத்துக்கொண்டே சாயங்காலத்துக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசிப்பாள்.

குவார்ட்டர்ஸ் சாவு மற்றச் சாவு மாதிரி இல்லை. நூம்பல், வேலப்பன்சாவடிப் பக்கம் என்றால் சொந்தமெல்லாம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். மேளம் வந்து இறங்கும், பட்டாசு வெடிக்கும், வெயில் சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அங்கே இவளுடைய ஸ்பீக்கருக்கு வேலையே கிடையாது. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் தூத்துக்குடி, சேலம், கும்பகோணம் என்று வேலைக்காக வந்து சேர்ந்தவர்கள். தம்பி ஒரு பக்கமிருந்து ரயிலேற வேண்டும், மகள் இன்னொரு பக்கமிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் பெட்டி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள், தலை குனிந்து நிற்பார்கள், ஷிஃப்டுக்குப் போவார்கள். ஓங்கி அழச் சொந்தம் இல்லாத வீட்டில் நேரம் நகராது. அங்கேதான் பாட்டு வேண்டும். சத்தம் தணித்து, விடாமல், யாரோ ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பது போல ஓட வேண்டும். அதை எந்த அளவில் வைப்பது என்பது பஞ்சவர்ணத்துக்குக் கைவந்த விஷயம். மற்ற இடங்களில் அவள் பெட்டிக்காரி. குவார்ட்டர்ஸில் மட்டும் ‘வாங்க பஞ்சவர்ணம்மா’ என்று நாற்காலி போடுவார்கள்.

அன்றைக்கும் போட்டார்கள். ஹேமநாதன் சாரைப் பெட்டியில் வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி, இவள் தன் போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி யூடியூபில் சிவன் பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டாள். வழக்கமாகப் போடுவதுதான். அவர் மனைவி சரசா பெட்டியோரம் சுவரில் சாய்ந்திருந்தாள். மகள் எழிலரசி அழுவதும், போன் பேசுவதும், மறுபடி அழுவதுமாக இருந்தாள். தொழிற்சாலை ஆட்கள் வரிசையாக மாலை போட்டுக்கொண்டிருந்த நேரம், பாட்டு ஒரு அடியின் பாதியில் அறுந்தது. ஒரு ஆம்பளைக் குரல் குதித்து வந்தது. சொந்த வீடு இல்லையே என்ற கவலையா, இன்னும் எத்தனை காலம்தான் அடுத்தவர் வீட்டில் வாழ்வீர்கள், உடனே வீடு கட்டிக் குடியேறத் தயார் நிலையில் மனைகள், இன்றே வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள்.

பஞ்சவர்ணம் பந்தலுக்கு வெளியே நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே ஓடி வருவதற்குள் அந்தக் குரல் போன் நம்பரையும் இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அது பக்கத்தில் நின்றவனுக்குத் தொற்றியது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த எழிலரசிக்கும் உதடு கோணி ஒரு சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டு முன்னைவிடப் பெரிதாக அழுதாள்.

சரசா மட்டும் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பஞ்சவர்ணத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“இருபத்தெட்டு வருஷம் கவர்மெண்ட் வீட்டுல இருந்தாரும்மா. சொந்தமா ஒரு வீடு கட்டணும்னுதான் கிடந்து அடிச்சுக்கிட்டாரு. அது இல்லாமப் போறாருங்கிறத மைக் வச்சு ஊருக்கே சொல்லிட்டீங்களே.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் பஞ்சவர்ணம் பதில் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸிலிருந்து போன் வரவில்லை. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் ஆவடி மார்க்கெட்டுக்குப் போகும்போது, குவார்ட்டர்ஸ் வாசலில் வேறு யாருடைய வண்டியோ பெட்டியோடு உள்ளே திரும்புவதைப் பார்த்தாள். இதே பெட்டித் தொழில் செய்கிற அம்பத்தூர்க்காரன் வண்டி. ஸ்ரீராமுக்குப் போன் போட்டுக் கேட்டாள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நம்பரை மாற்றிவிட்டோம், தப்பாக நினைக்காதீர்கள், ஜனங்கள் சங்கடப்படுகிறார்கள் என்று அவர் பக்குவமாகச் சொன்னார். பக்குவமாகச் சொன்னதுதான் இவளுக்கு அடங்கவில்லை. திட்டியிருந்தால் ஒரு வழியாகப் போயிருக்கும். வீட்டுக்கு வந்து கஜபதியை ஒரு காரணமும் இல்லாமல் ஏசினாள்.

குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டவள் அடுத்த நாள் குறைத்துப் போடுகிற மாதிரி, இதைச் சரி பண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தாள். போன் இருப்பதால்தானே விளம்பரம் வருகிறது, போன் இல்லாமல் போட்டால் போயிற்று. கடைக்காரன் பென் டிரைவ் சொருகுகிற ஸ்பீக்கர் ஒன்றைத் தலையில் கட்டினான். முதல் சாவிலேயே அது பல்லைக் காட்டியது. சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரி உரத்த குரலில் இங்கிலீஷில் ஏதோ அறிவித்தாள். திருநின்றவூரில் ஒரு வாத்தியார் வீடு அது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் வெள்ளைக்காரி முதலில் வந்து தன் பாட்டுக்கு அறிவித்துவிட்டுத்தான் சாமியை விட்டாள். போதாக்குறைக்கு, எதிர் வீட்டில் யாரோ தன் போனைத் திருக, அந்தப் போனின் கிரிக்கெட் கமெண்ட்ரி கம்பியே இல்லாமல் இந்த ஸ்பீக்கருக்குள் புகுந்துகொண்டது. பிணத்துக்கு ஸ்கோர் சொன்னது. வாத்தியாரின் மகன் எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினான்.

“இன்னாமே, நம்ம ராசியே இப்டி கீது,” என்றான் கஜபதி. “பாட்டே வாணாம்னு வுட்டுடேன். பொட்டி மட்டும் குடுப்போம்.”

“நீ சும்மா இரு. பாட்டு இல்லாத பொட்டிய எவன் வேணா குடுப்பான்.”

அந்தச் சமயத்தில்தான் நூம்பலில் புதிதாக வந்த அடுக்குமாடி வீட்டில் ஒரு சாவு. மகன் விக்ரம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இவள் தயங்கித் தயங்கி, பாட்டு என்னிடம் சரியாக இல்லை தம்பி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பரவாயில்லை என்று அவன் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு சாமானை எடுத்து வந்தான். சீட்டுக்கட்டு அளவு இருக்கும். மேலே சின்னத் திரை, கீழே விரல் வைத்துச் சுழற்ற ஒரு வட்டம். பாட்டுக் கேட்க மட்டுமே ஆன சாமான், காலேஜ் படிக்கும்போது வாங்கியதாம். அதில் ஒயரைச் சொருகி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினான். பாட்டு ஓடியது. ராத்திரி ஓடி, விடிந்தும் ஓடியது. இடையில் யாரும் கூப்பிடவில்லை, யாரும் அறிவிக்கவில்லை, யாரும் மனை விற்கவில்லை. பஞ்சவர்ணம் துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி அந்தச் சாமானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டியை எடுக்கும்போது, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இப்போதெல்லாம் புதிதாக வருவதில்லை ஆன்ட்டி, யாராவது பழசை விற்றால்தான் உண்டு என்றான். உன்னுடையதைத் தருவாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அப்பனை அனுப்பிவிட்டு நிற்கிறவனிடம் அதைக் கேட்க முடியுமா. விழுங்கிக்கொண்டாள்.

பழையதை வாங்குவது இத்தனை பாடு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாடியில் குடியிருந்த லாவண்யா, பழைய சாமான் விற்கிற செயலியை இவள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அம்பத்தூர் ஐடி ஆபீசில் வேலை பார்க்கிற பெண். படத்தைப் பார்த்துத் தட்டினால் போதும் அக்கா என்றாள். இவள் தட்டினாள். பூந்தமல்லியில் ஒருவன், எவ்வளவுக்கு எடுப்பீர்கள் என்று கேட்டான். இவள் சொன்னாள். அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இன்னொருவன் இன்னும் இருக்கிறது என்றான், மறுநாள் போய்விட்டது என்றான், அதற்கடுத்த வாரம் அதே படத்தை மறுபடியும் போட்டிருந்தான். ஒருத்தி பேசும்போது தேன் ஒழுகியது. குமணன்சாவடி பஸ் ஸ்டாண்டில் சிவப்புச் சுடிதார் போட்டு நிற்கிறேன், வாருங்கள் என்றாள். பஞ்சவர்ணம் போய் நின்றபோது அங்கே நாலு சிவப்புச் சுடிதார் நின்றது. நாலு பேரிடமும் கேட்டுவிட்டாள். நாலாவது பெண் இவளைக் கிறுக்கு என்று நினைத்துப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

விற்கிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டார்கள்: எதற்கு உங்களுக்கு இது? இவள் முதல் இரண்டு பேரிடம் உண்மையைச் சொன்னாள். சாவு வீட்டில் போட என்றதும் எதிர்ப்பக்கம் பேச்சு நின்றது. தாங்கள் காதில் மாட்டிக் காதல் பாட்டுக் கேட்ட சாமானை அதற்குக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாவது ஆளிலிருந்து, பேத்தி டான்ஸ் கற்றுக்கொள்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குப் பேத்தியும் இல்லை, பேத்தி பிறக்க ஒரு பிள்ளையும் இல்லை.

கடைசியில் அம்பத்தூர் ஓ.டி.யில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்த சரண் சிக்கினான். அவனிடம் ஒன்று இருந்தது. முதுகுப் பக்கம் கீறல், ஓரத்தில் ஒரு நசுங்கல். தட்டிக் காட்டினான், ஓடியது.

“யக்கா, இது சாமான் இல்ல, சிங்கம். உங்க பேத்திக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் ஓடும்.”

பேத்தியின் பேரில் சத்தியம் செய்தவனை நம்பி வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுத்தினால், சிங்கம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கடைக்கு ஓடினாள். பேட்டரி அப்படித்தான் இருக்கும், ஒயரைச் சொருகியபடியே போட வேண்டும் என்று நேற்றே சொல்லவில்லையா என்றான். சொல்லவில்லை. சண்டை போட்டாள். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு சார்ஜர் ஒயரைச் சும்மா கொடுத்து அனுப்பிவைத்தான்.

சரி, ஒயரோடே ஓடட்டும். ஓடியது. ஆனால் உள்ளே இருந்தவை முழுக்க இங்கிலீஷ் பாட்டு. ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான், பின்னால் தகர டப்பாவை உருட்டுகிறார்கள். அதை எடுத்துவிட்டு நம் பாட்டை ஏற்ற வேண்டும். ஒரு காலத்தில் பட்டாபிராமில் தடுக்கி விழுந்தால் பாட்டு ஏற்றுகிற கடைதான். மெமரி கார்டை நீட்டினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரொப்பிக் கொடுப்பார்கள். இப்போது ஒருவரும் இல்லை. எல்லோரும் போனிலேயே கேட்கிறார்கள், ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது. ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற யுவராணி மட்டும், பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூங்குகிறது, பார்க்கலாம் என்றாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டு மலைபோல் இருந்தது. யுவராணி எல்லாவற்றையும் கார்டில் ஏற்றுவது போலவே இழுத்துப் போட்டாள். சாமானுக்குள் இடம் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. சாமானோ, என்னிடம் ஒரு பாட்டும் இல்லை என்று சொன்னது. யுவராணி அழித்தாள், மறுபடி போட்டாள். மறுபடியும் வயிறு நிறைய வைத்துக்கொண்டு, சாப்பிடவில்லை என்று சாதித்தது. பஞ்சவர்ணம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையையே முறைத்தாள்.

“பெத்த புள்ளையா இருந்தா நாலு அறை உட்டிருப்பேன்,” என்றாள்.

யுவராணி யாரையோ கேட்டு, அதற்கென்றே ஒரு பழைய மென்பொருள் இருக்கிறது, அதன் வழியாகக் கொடுத்தால்தான் அது வாங்கிக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டாள். கௌரவமான வீட்டு மாப்பிள்ளை மாதிரி, கையில் கொடுத்தால் வாங்காது, தட்டில் வைத்து நீட்ட வேண்டும். அதைத் தேடி இறக்க ஒரு வாரம். இறக்கியதும் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அதை எழுப்ப இன்னும் கொஞ்ச நாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வெளியே நிற்க, யுவராணி உள்ளே பாட்டு பிரித்துக்கொண்டிருந்தாள். சிவன் வீட்டுக்கு, பெருமாள் வீட்டுக்கு, இயேசு வீட்டுக்கு என்று தனித்தனியாக வைக்கச் சொன்னாள் பஞ்சவர்ணம். ஒன்றோடொன்று கலந்தால் முன்னதைவிடப் பெரிய வினை. யுவராணி ‘பட்டை, நாமம், சிலுவை’ என்று பெயர் கொடுத்தாள். திரையில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாக வந்தது. இங்கிலீஷில் போட்டால் இவளுக்குப் படிக்க வராது. ஆகவே வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் எது, இரண்டு சுற்றுச் சுற்றினால் எது என்று விரலாலேயே பழகிக்கொண்டாள். ராப்பாடமாகப் பழகினாள். கஜபதி தூங்கும்போது காதில் மூன்று மதமும் மாறி மாறி விழுந்தது.

எல்லாம் தயார். சாகத்தான் ஆளில்லை.

இதுதான் அவளைப் போட்டு வதைத்தது. மளிகைக் கடைக்காரன் நல்ல அரிசி வந்திருக்கு என்று போர்டு எழுதி வைக்கலாம். தையற்காரி புது மாடல் ஜாக்கெட்டை மாட்டித் தொங்கவிடலாம். இவள் யாரிடம் போய், என்னிடம் இப்போது விளம்பரம் வராத பாட்டு இருக்கிறது என்று சொல்வாள்? ஸ்ரீராமிடம் சொன்னாள். சரிங்கம்மா, பார்க்கலாம்மா என்றார். பார்க்கவில்லை. வேறு ஊர்களில் சாவு வந்தது. மேளக்காரர்கள் வந்து நின்றதும், அந்த ஸ்பீக்கரை ஓரமாக எடு நைனா என்று கஜபதியிடம் சொல்லிவிட்டார்கள். அந்தச் சாமான் புதுத் துண்டில் சுற்றியபடி வண்டியிலேயே போய்வந்தது. இரண்டு இடத்தில் ஓட்டினாள். அழகாக ஓடியது. அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிசகினால்தான் பாட்டு காதில் விழும், சரியாக ஓடினால் விழாது. அவளுக்கு அந்த இரண்டு வீடும் பெரிதில்லை. குவார்ட்டர்ஸில், அதிலும் அந்த வீட்டில், சரசா காதில் விழ வேண்டும். விழுந்தால்தான் தன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆம்பளைக் குரல் போகும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

ஹேமநாதன் சாரின் முதல் வருஷத் தெவசம் வந்தது. குடும்பம் இன்னும் குவார்ட்டர்ஸில்தான் இருந்தது, அந்த மாசக் கடைசியில் காலி பண்ணப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். தெவசத்துக்குப் போய்ப் பாட்டுப் போட்டுவிட்டு வரலாம், காசு வேண்டாம் என்று முடிவு பண்ணினாள். கஜபதி வண்டிச் சாவியை எடுக்கவில்லை.

“யோவ், எழுந்திருய்யா.”

“சாவு இல்லாத ஊட்டுக்கு நம்ம வண்டி போவக் கூடாதுமே. அவங்க கூப்ட்டாங்களா?”

“கூப்ட்டாத்தான் போவணுமா? தப்புப் பண்ணவ நான். நான்தான் போவணும்.”

“நடந்து போ. வண்டி வாணாம்.”

ஆம்ப்ளிஃபயரை யார் தலையில் தூக்குவது. கடைசியில் அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான். ஐஸ் பெட்டியை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். அது போதும் என்று இருவருமே நினைத்தார்கள்.

குவார்ட்டர்ஸில் அந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது. கேட் தாண்டி உள்ளே நுழைந்ததுமே, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி குடத்தை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். வண்டி பிளாக் முன்னால் நிற்பதற்குள் மேலும் கீழும் கதவுகள் திறந்தன. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய ஆள் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். யாரு, எந்த வீடு, நேத்துகூட நல்லா இருந்தாங்களே என்று ஆளாளுக்குக் குசுகுசுத்தார்கள். மூன்றாவது மாடியில் உடம்பு முடியாமல் படுத்திருந்த ஒரு கிழவரின் மருமகள், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மாமா என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். கிழவர் உயிரோடுதான் இருந்தார். அவரே மெல்ல நடந்து வந்து பால்கனியில் நின்று வண்டியைப் பார்த்தார். பார்த்த பார்வையில் கஜபதி ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.

பஞ்சவர்ணத்துக்குக் காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. மடியில் துண்டுப் பொட்டலம். எழிலரசி படியிறங்கி ஓடி வந்தாள். தெவசத்துக்குக் குளித்து, ஈரத்தலையோடு இருந்தாள்.

“என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல கண்ணு. அப்பாவுக்குத் தெவசமாச்சேன்னு… பாட்டுப் போடலாம்னு வந்தேன். இது வேற மெசினு. இதுல விளம்பரம் வராது. ஒண்ணுமே வராது, பாட்டு மட்டுந்தான்.”

துண்டைப் பிரித்துக் காட்டினாள். எழிலரசி அந்தக் கீறல் விழுந்த சாமானைப் பார்த்தாள். சுற்றிலும் கதவைப் பிடித்தபடி நிற்கிற ஜனங்களைப் பார்த்தாள்.

“இப்ப யாருக்குக்கா போடப் போறீங்க?” என்றாள்.

குத்தலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று பஞ்சவர்ணத்துக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குள் ஸ்ரீராம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னம்மா இது, உங்களுக்கே தெரிய வேண்டாமா, வயசானவங்க இருக்கிற இடம் என்று ஆரம்பித்தார். மேலே முதல் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரசா நின்றாள். அவள் இறங்கி வரவில்லை. அங்கிருந்தே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஸ்ரீராம் சார், விடுங்க. எனக்குத் தெரிஞ்சவங்கதான். என்னைப் பார்க்க வந்திருக்காங்க.”

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஆனால் மேலே வாருங்கள் என்று சரசாவும் சொல்லவில்லை. தெவச வீட்டுக்குள் எந்த முகத்தோடு ஏறுவது என்று இவளும் ஏறவில்லை. ஆம்ப்ளிஃபயர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. திரும்பும் வழியில் இந்து காலேஜ் ஸ்டேஷன் கேட்டில் ரயிலுக்காக நின்றபோது, பஞ்சவர்ணம் அந்தச் சாமானை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று பார்த்தாள். எறியவில்லை. வாங்க பட்டபாடு கையைப் பிடித்தது.

மாசக் கடைசியில் சரசா குடும்பம் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று இவள் விசாரிக்கவில்லை. சங்கத்தில் அம்பத்தூர்க்காரன் நம்பரே நிலைத்தது. தொழில் நடந்தது. மேளச் சாவு, பட்டாசுச் சாவு, இரண்டுக்கும் நடுவில் எப்போதாவது ஒரு சத்தமில்லாத சாவு. பெட்டி ஒன்றின் மோட்டார் கெட்டது, மாற்றினார்கள். பாட்டு வேண்டுமா என்று இவள் யாரையும் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டவர்களுக்குப் போட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சாமானைத் துண்டிலிருந்து எடுத்து, ஒயரைச் சொருகி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி சுற்றி வைப்பாள். எதற்கு அதைப் போட்டு நோண்டிக்கினே கீறே என்று கஜபதி கேட்பான். உனக்கு இன்னா போச்சு என்பாள். யுவராணி ஒருநாள், அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், மகனுக்கு விளையாட ஆகும் என்று கேட்டபோது, கடையிலிருந்து வெடுக்கென்று எழுந்து வந்துவிட்டாள். அந்த வட்டத்தைச் சுற்றச் சுற்ற அவளுக்கு ஆத்திரம் அடங்கியபாடில்லை. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனை விற்றவன் மேலா, சிரித்தவன் மேலா, மேலே வா என்று சொல்லாத சரசா மேலா, கூப்பிடாத வீட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன தன் மேலா.

இரண்டு பொங்கல் வந்து போனது. மாசி மாசத்து ஒரு காலை, வாசலில் பினாயில் ஊற்றிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பெயர் இல்லாத நம்பர். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

“அக்கா, நான் எழிலரசி, ஹேமநாதன் சார் பொண்ணு. அம்மா இன்னைக்கு விடியக்காலையில தவறிட்டாங்க. குவார்ட்டர்ஸ் சங்கத்துல கேட்டதுக்கு வேற ஒருத்தர் நம்பர் கொடுத்தாங்க, ஆனா உங்களைத்தான் கூப்பிடணும்னு அம்மா போன மாசமே சொல்லி வச்சிருந்தாங்க. லொகேஷன் அனுப்பறேன், நீங்களே வாங்க. பெட்டி மட்டும் போதும்க்கா, பாட்டு வேணாம்.”